கீழ்வீட்டுத் தொலைக்காட்சியும் ஒரு நத்தையும்

ரொறன்ரோவின் பார்க்டேலில் நாங்கள் முதன்முதல் இருந்த வீடு ஓர் இத்தாலிக்காரியுடையது. கீழ்த்தட்டில் அவள் தனியே. மேல்தட்டில் மகன், மருமகள், நான். எண்பத்துமூன்றுக் கலவரத்துக்குப் பிறகு கனடா வந்த மகன், இரண்டு வருடம் கழித்து என்னையும் கூப்பிட்டுவிட்டான். என் புருஷன், இவர், வரவில்லை. தலைமை வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற மனுஷன். வீட்டையும் புத்தக அலுமாரியையும் விட்டுவிட்டு வரமாட்டேன் என்று யாழ்ப்பாணத்திலேயே நின்றுவிட்டார்.

வீட்டுக்காரிக்கும் என் வயதுதான் இருக்கும். புருஷன் செத்து நாலைந்து வருடமாம். எந்த நாளும் கறுப்புச் சட்டைதான். மகனும் மருமகளும் வேலைக்குப் போன பிறகு, கீழே இருந்து விளக்குமாற்றுக் கட்டையால் முகட்டில் மூன்று தரம் தட்டுவாள். என் கால்மாட்டில் தரை அதிரும்.

"சிஞ்ஞோரா! கம், கம்! டெலிவிஷன்!"

சிஞ்ஞோரா என்றால் அவர்கள் பாஷையில் அம்மா மாதிரி. நான் சேலையைச் சரிசெய்துகொண்டு இறங்குவேன். ரொறன்ரோவில் அப்போதே இத்தாலி நிகழ்ச்சிகள் போடுகிற ஒரு சனல் இருந்தது. அவள் சின்னக் கோப்பையில் கசக்கிற கோப்பி தருவாள். நான் அதில் நாலு கரண்டி சீனி போடுவேன். அவள் தலையில் கைவைப்பாள். அவளுடைய இங்கிலிசையும் என்னுடையதையும் சேர்த்தாலும் ஒரு முழு வசனம் தேறாது. ஆனாலும் கையும் முகமும் இருந்ததால் விளங்கியது. அவள் சொன்னதை எனக்கு விளங்கிய மாதிரியே இங்கே எழுதுகிறேன்.

அவளுடைய ஊருக்குத் தொலைக்காட்சி வந்த கதையைத்தான் அதிகம் சொல்வாள். ஊர் முழுக்க இரண்டே பெட்டி. ஒன்று சந்தியில் கோப்பிக்கடையில், மற்றது பாதிரியாரின் மண்டபத்தில். சனம் தங்கள் தங்கள் கதிரையைத் தலையில் தூக்கிக்கொண்டு போகும். வியாழக்கிழமைகளில் கேள்வி பதில் போட்டி. பெட்டிக்குள் இருக்கிறவன் வாய் திறக்குமுன் கடைக்குள் நாற்பது பேர் விடை கத்துவார்களாம். அறிவிக்கிற பெண் "வணக்கம்" சொன்னால் இவளுடைய தாய் எழும்பி நின்று பதில் வணக்கம் சொல்வாளாம்.

"உள்ளே இருக்கிறவளுக்கு நாங்கள் தெரியமாட்டம் அம்மா எண்டு சொன்னன். 'அப்ப அவள் ஏன் என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள்?' எண்டு கேட்டாள்," என்று சொல்லிவிட்டு அவள் வயிறு குலுங்கச் சிரிப்பாள்.

பிறகு பெட்டிக்குள் ஒரு வாத்தியார் வந்தாராம். எழுதப் படிக்கத் தெரியாத பெரிய ஆட்களுக்கென்றே ஒரு நிகழ்ச்சி. இரவுச் சாப்பாட்டுக்கு முன், வயலால் வந்த ஆண்களும் அடுப்பை அணைத்துவிட்டு வந்த பெண்களும் மண்டபத்தில் வாங்கு போட்டு இருப்பார்கள். வாத்தியார் பெரிய தாளில் கரிக்கட்டியால் கீறுவார். முதலில் ஒரு திராட்சைக் குலை மாதிரி இருக்கும். பார்த்துக்கொண்டிருக்க அதற்குள்ளிருந்து ஓர் எழுத்து வரும். இவளுடைய புருஷன் அப்போது கனடாவில் கட்டட வேலை. அவன் போடுகிற கடிதத்தைக் கடைக்காரன்தான் வாசித்துக் காட்டுவானாம்.

"என்ர மனுசன் எனக்குக் குடுத்த முத்தத்தை எல்லாம் அவன் கடை முழுக்கக் கேக்க வாசிப்பான் சிஞ்ஞோரா! அந்த வெக்கத்திலதான் படிச்சனான்."

ஒரு மாரிகாலத்துக்குள் தானே வாசிக்கப் பழகிவிட்டாளாம். தானே வாசித்த முதல் கடிதம் இன்னும் அலுமாரியில் இருக்கிறது என்று எடுத்துக் காட்டினாள். காட்டிவிட்டு, "நீ? படிச்சனியோ?" என்று கேட்டாள்.

நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். அச்செழுத்தை ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுக் கூட்டுவேன். கையெழுத்தென்றால் ஒன்றும் ஓடாது. கலியாணம் செய்த புதிதில் இவர் சிலேட்டும் பென்சிலும் கொண்டுவந்து வைத்தார். அடுப்படியில் வேலை கிடக்கிறது என்று தள்ளிவிட்டேன். பிறகு பிள்ளைகள். பிறகு, தலைமை வாத்தியாரின் பெண்சாதிக்கு எழுத்துத் தெரியாது என்று ஊரில் ஒருவரும் நினைத்துப் பார்க்கவே இல்லை. நானும் சொல்லவில்லை. கடிதம் வந்தால், "கண் தெரியேல்லை, நீங்களே வாசியுங்கோ" என்றுவிடுவேன்.

வெட்கப்பட்டதை வாய்விட்டுச் சொன்ன அந்த மனுஷியிடம், "என்ர மனுசன் ஹெட்மாஸ்டர்" என்றேன். தலையை நிமிர்த்தித்தான் சொன்னேன். அவள் கையெடுத்துக் கும்பிடாத குறை.

அடுத்த வருடம் பங்குனி மாதம் என்று நினைக்கிறேன். நான் கீழே தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருக்க, தபால்காரன் கதவுக்குள் போட்ட தபாலை அவள் எடுத்து வந்து என் மடியில் வைத்தாள். நீல ஏரோகிராம். இவருடைய கையெழுத்து. இவர் மகனின் பெயருக்குத்தான் போடுவார், கடைசியில் அம்மாவிடம் சொல்லவும் என்று இரண்டு வரி இருக்கும். வேலையால் வந்து மகன் வாசிப்பான்.

"வாசி, வாசி! மனுசன் என்ன எழுதியிருக்கிறார்?" என்று அவள் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தாள். என் முகத்தையே பார்த்துக்கொண்டு முன்னால் இருந்தாள்.

மகன் வந்து திறக்கட்டும் என்று சொல்லியிருக்கலாம். நான் ஓரத்தைக் கிழித்தேன். மேலிருந்து கீழாகக் கண்ணை ஓட்டினேன். மறுபக்கம் திருப்பினேன். வாசிக்கிறவர்கள் இப்படித்தான் செய்வார்கள் என்று பார்த்து வைத்திருந்தேன். இடையில் ஒருக்கால் சிரித்தேன்.

"குட் நியூஸ்?"

"குட், குட். ஓல் குட்."

அவள் சந்தோஷப்பட்டு, வாதுமை போட்ட பிஸ்கற் எடுத்து வைத்தாள். தொலைக்காட்சியில் ஒரு தடியன் பெண் உடுப்போடு ஆடினான். இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம்.

பின்னேரம் மகன் வந்தான். கடிதத்தை விரித்தவன் இரண்டாவது வரியில் நின்றான்.

"என்னடா?"

"அம்மா, இருங்கோ."

"சொல்லடா."

"பெரியம்மா போயிட்டா அம்மா. எல்லாம் முடிஞ்சுதாம். முப்பத்தொண்டாம் நாள் சடங்குக்கு முதல் இந்தக் கடிதம் வந்து சேரவேணும் எண்டு ஐயா எழுதியிருக்கிறார்."

என் உடன்பிறந்த அக்கா. எனக்குத் தலை இழுத்துப் பின்னிவிட்டவள். அவள் செத்த கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு நான் பிஸ்கற் தின்று சிரித்திருக்கிறேன். நான் குழறின சத்தத்தில் வீட்டுக்காரி படியேறி ஓடிவந்தாள். மகன் இங்கிலிசில் சொன்னான். இன்றைக்கு வந்த கடிதத்தில் என்பதையும் சேர்த்துச் சொன்னான். அவள் கடிதத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது என்று எனக்கும் விளங்கியது. என் தலையைத் தன் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தாள். அவளில் வெங்காய மணம்.

அக்கா செத்த துடக்குக் கழிந்த அடுத்த கிழமை, காலையில், அவள் தட்டிக் கூப்பிடவில்லை. தானே மேலே வந்தாள். கையில் சுருட்டிய பெரிய வெள்ளைத் தாள், ஒரு கரிக்கட்டி. சமையலறை மேசையில் தாளை விரித்து நாலு மூலைக்கும் கோப்பை வைத்தாள். பிறகு கீறத் தொடங்கினாள். முதலில் ஒரு சுருள். அதை இழுத்து வளைத்து ஓர் உடம்பு. இரண்டு கொம்பு. நத்தை. கொம்பை விரலால் அழித்துவிட்டு, ஒரு கோடு கீழே இழுத்தாள். 'அ' வந்தது. எங்கள் சுவரில் தொங்கிய தமிழ்க் கலண்டரைப் பார்த்துப் பாடமாக்கியிருக்கிறாள். தமிழில் ஒரு சொல் தெரியாதவள். எத்தனை நாள் கீழே இருந்து கீறிப் பார்த்தாளோ.

எனக்கு அன்றைக்கு அது ஒன்றும் தெரியவில்லை. எனக்கு 'அ' படிப்பிக்க இத்தாலிக்காரி வந்துவிட்டாள் என்பது மட்டும்தான் தெரிந்தது.

"நோ," என்றேன். "மை ஹஸ்பண்ட் ஹெட்மாஸ்டர்." கோப்பைகளை ஒவ்வொன்றாகத் தூக்கினேன். தாள் தானாகச் சுருண்டது.

அவள் கரி படிந்த விரலைச் சட்டையில் துடைத்தாள். "ஓகே, சிஞ்ஞோரா." அவ்வளவுதான். தாளை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

அதற்குப் பிறகு அவள் முகட்டில் தட்டவில்லை. நானாக இறங்கிப் போயிருக்கலாம், பதினாலு படிதான். போகவில்லை. காலையில் கீழே தொலைக்காட்சி பாடும். நான் கதிரையை இழுத்து, சத்தம் நன்றாகக் கேட்கிற இடமாகப் பார்த்து இருப்பேன். அவள் சிரித்தால், கடைசியில் என்ன நடந்திருக்கும் என்று யோசிப்பேன்.

அடுத்த வருடம் மகன் மில்லிக்கன் பக்கம் வீடு வாங்கினான். போகிற அன்று அவள் வாசலில் நின்று ஒரு போத்தல் தக்காளிக் குழம்பு தந்தாள். "தாங்ஸ்" என்று சொல்லிக் காரில் ஏறினேன்.

அந்த மாரியில் இவர் ஊரில் கண்ணை மூடிவிட்டார். அங்கே சண்டை, செல்லடிக்குள் ஒருவரும் போக முடியவில்லை. இவருடைய ஏரோகிராம்கள் எல்லாவற்றையும் மகன் ஒரு பிஸ்கற் ரின்னில் போட்டு என்னிடம் தந்தான். நான் திறந்து திறந்து மூடினேன். ஒருநாள் மருமகளைக் கூப்பிட்டு, "பிள்ளை, எனக்கு வாசிக்கத் தெரியாது," என்றேன்.

"தெரியும் மாமி," என்றாள். "நீங்களாச் சொல்லட்டும் எண்டு இருந்தனான்." எழுதுகிற கொப்பியும் பென்சிலும் எடுத்து வந்தாள்.

முதல் பக்கத்தில் நான் ஒரு சுருள் போட்டேன். உடம்பை இழுத்தேன். இரண்டு கொம்பும் வைத்தேன்.

"உதென்ன மாமி, நத்தையோ?"

"ஓம். பொறு," என்று சொல்லிக் கொம்பை அழித்துக் கோட்டை இழுத்தேன்.

வாசிக்கப் பழகிய பிறகு, மகனைக் கூட்டிக்கொண்டு பார்க்டேலுக்குப் போனேன். ஏரோகிராம் ஒன்றும் கைப்பையில் இருந்தது. அவளுக்கு முன்னால் இருந்து வாசித்துக் காட்ட வேண்டும், விளங்காவிட்டாலும் பரவாயில்லை என்று. கதவைத் திறந்தது வேறு ஆட்கள். கிழவி வீட்டை விற்றுவிட்டு ஒஷாவாவிலோ எங்கேயோ மகளோடு போய்விட்டதாம், விலாசம் தெரியாதாம்.

"வாங்கோ அம்மா, குளிருது," என்றான் மகன். நான் திறந்த கதவுக்குள்ளால் பார்த்தேன். தொலைக்காட்சி இருந்த மூலையில் காலில் போடுகிற சப்பாத்துகள் அடுக்கியிருந்தார்கள்.