அண்ணன் பார்த்துச் சொன்ன வீடு

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் அவளுக்கு இருபத்தாறு வருஷ சர்வீஸ். படுக்கை விரிப்பைப் புறங்கையால் ஒரு தடவு தடவினால் போதும், எந்த மூலையில் ஈரம் நிற்கிறது என்று சொல்லிவிடுவாள். "நல்லா காஞ்சிடுச்சுக்கா" என்று மெஷின்காரன் அடித்துச் சொன்னாலும் அங்கே எல்லோருக்கும் லாண்டரி அக்காவான அவள் நம்பமாட்டாள். "உன் சத்தியத்தை நோயாளி மேல போத்த முடியுமா? திரும்பப் போடு" என்பாள். அப்பேர்ப்பட்டவள் ஈரம் கசிகிற வீட்டைக் காசு கொடுத்து வாங்கினாள் என்றால் நாலு பேர் சிரிக்கத்தானே செய்வார்கள்! சிரிக்கட்டும். அவர்களுக்கும் அப்படி ஓர் அண்ணன் இருந்திருந்தால் தெரியும்.

அண்ணன் பெயிண்டர். அப்பா போன பிறகு அவளைப் படிக்க வைத்தது, கட்டிக்கொடுத்தது எல்லாம் அவன்தான். எந்த வாடகை வீட்டுக்குப் போவதானாலும் முதலில் அவன் வந்து சுவரைத் தட்டிப் பார்க்கவேண்டும். அவன் தலையாட்டினால்தான் இவள் பெட்டி கட்டுவாள். இப்படி ஏழு வீடு மாறியாயிற்று. எட்டாவதாவது சொந்தமாக இருக்கட்டும் என்று அவளும், லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவரும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்தார்கள்.

அகப்பட்டது ஒரு மூன்றடுக்கு வீடு. இரண்டு பக்கமும் அடுத்த வீட்டோடு ஒட்டி நிற்கும், தளத்துக்கு ஒரு குடும்பம் இருக்கலாம். கீழே இவர்கள், மேலே இரண்டும் வாடகைக்கு, அந்த வாடகை வங்கிக் கடனுக்கு என்று கணக்கு. ஒரு தளம் காலியாகக் கிடந்தாலும் வீடு கையை விட்டுப் போய்விடும். தெருவோ முட்டுச்சந்து. எதிர்வீட்டில் பேப்பர் புரட்டினால் இங்கே கேட்கும், அவ்வளவு அமைதி.

முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் அண்ணனைக் கூட்டிப்போனாள். தரகரும் ஒட்டிக்கொண்டே வந்தார். நடுத்தளத்துப் பின்னறையில் அண்ணன் ரொம்ப நேரம் நின்றான். சுவரைத் தட்டவில்லை. அதை அன்றைக்கு அவள் கவனிக்கவுமில்லை.

"என்னண்ணா, எப்படி இருக்கு?"

"ம்... நல்ல வீடுதான், தங்கச்சி."

போதாதா? அண்ணன் பார்த்துச் சொன்ன சுவரில் அவள் எதற்குக் கை வைக்கப்போகிறாள்?

வாங்கிக் குடிவந்த பிறகு பெய்த முதல் மழையிலேயே சாயம் வெளுத்துப்போயிற்று. பக்கத்து வீட்டுக்கும் இதற்கும் நடுவிலுள்ள இடுக்கில் தண்ணீர் இறங்கி, அந்தப் பின்னறைச் சுவர் மேலிருந்து கட்டில் உயரம் வரைக்கும் கறுத்துப் பூத்தது. அங்கே குடியிருந்தவர்களின் குழந்தைக்கு மூச்சிழுப்பு வந்துவிட்டது. "தப்பா எடுத்துக்காதீங்கக்கா" என்று சொல்லிக் காலிசெய்தார்கள். அப்போதுகூட, "பாவம், அண்ணனுக்கும் தெரியாமப் போச்சு" என்றுதான் கணவரிடம் சொன்னாள். பைத்தியக்காரி.

பட்டி மாவு பூசி வெள்ளையடிக்கலாம் என்று தெருமுனை ஹார்டுவேர் கடைக்குப் போனாள். கடைக்காரர் பையை எடுத்து வைத்துக்கொண்டே கேட்டார்: "மறுபடியும் கசியுதா? பட்டியைப் போட்டு மூடினா ஒரு மழைக்குத் தாங்காதுன்னு உங்க அண்ணன்கிட்ட அப்பவே சொன்னேனே."

"எப்ப?"

"நீங்க வாங்குறதுக்கு ஒரு மாசம் முன்னாடி. தரகர் சொல்லித்தான் அந்த ரூமுக்கு வேலை பார்த்தாரு. சாமான் எல்லாம் இங்கதான் எடுத்தாரு. உங்களுக்குத் தெரியாதா?"

கடைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அந்நியன் ஏமாற்றினால் நாலு வசவு வைது ஆற்றிக்கொள்ளலாம். கூடப்பிறந்தவன் கழுத்தறுத்தால் எங்கே போய் முட்டிக்கொள்வது?

அவள் கூப்பிட்டதும் அண்ணன் வந்தான். மறுக்கவில்லை.

"வேலை பார்த்தப்ப நீதான் வாங்கப்போறேன்னு எனக்குத் தெரியுமா?"

"நான் கூட்டிட்டுப் போன அன்னிக்குத் தெரிஞ்சுதே?"

"தரகர் பக்கத்துலயே நின்னாரு. அவர் கொடுக்கிற வேலையிலதான் என் பொழப்பே ஓடுது."

"அவர் போனப்புறம் சொல்லியிருக்கலாமே! போன் பண்ணியிருக்கலாமே! பத்திரம் பதியுறதுக்கு இருபது நாள் இருந்துச்சேண்ணா. வேணாம்னு ஒரு வார்த்தை. காரணம்கூட கேட்டிருக்கமாட்டேன்."

"ஞாயித்துக்கிழமை வாடகைக்குப் பார்க்க வர்றாங்கன்னியே, அதுக்குள்ள பளிச்சுனு பண்ணிக் கொடுத்துடறேன். கூலி வேணாம்" என்றான்.

கூலி வேண்டாமாம்! என்ன தாராள மனசு! ஆனால் அவள் தடுக்கவில்லை. தவணைத் தேதி தலைக்குமேல் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை சுவர் பால்வெள்ளையாக இருந்தது. வந்தது ஓர் இளம் ஜோடி. அந்தப் பெண்ணுக்கு நிறைமாதம். அறையைச் சுற்றிப் பார்த்தாள், ஜன்னலைத் திறந்து மூடினாள், பிடித்துவிட்டது என்று முகத்திலேயே தெரிந்தது.

"ரொம்ப அமைதியா இருக்குக்கா. சுவர்ல ஈரம் எல்லாம் அடிக்காதே?"

மூலையில் பிரஷ் துடைத்துக்கொண்டிருந்த அண்ணன் நிமிரவில்லை. அவள் அவனையே பார்த்தாள். பிறகு அந்தப் பெண்ணிடம் திரும்பினாள்.

"அடிக்கும்மா. மழை வந்தா இந்தச் சுவர் பூரா நனையும். நேத்துத்தான் பூசி மறைச்சிருக்கோம்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நன்றி சொல்லிவிட்டு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் படியிறங்கிப் போனார்கள்.

அண்ணன் பதறிக்கொண்டு வந்தான். "உனக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா? தவணைக்கு என்ன பண்ணுவ? ஒண்ணும் சொல்லாம சும்மா நின்னிருந்தா போதுமே!"

"நீ அப்படித்தானேண்ணா நின்ன" என்றாள்.