தொட்டியின் ஓட்டையை அடைத்தவர்

முதலில் வீங்கியது என் கணவரின் கால். செருப்பு வார் பதிந்த இடம் சாயங்காலம் வரை பள்ளமாகவே கிடந்தது. நடவு வயலில் நின்ற அலுப்பு என்றார். நானும் வெந்நீர் வைத்துக் கொடுத்தேன். அப்புறம் சீர்காழிக்குப் போய் ரத்தம் சோதித்தபோது கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. இரண்டு சிறுநீரகமும் செயலிழந்துவிட்டன, டயாலிசிஸ் (எந்திரம் மூலம் ரத்தத்தைச் சுத்தம் செய்வது) செய்தே ஆக வேண்டும் என்றார் டாக்டர்.

உங்கள் வீட்டிலும் இந்த நோய் இருந்தால், ஊசி மாத்திரை பற்றி மற்றவர்கள் சொல்வார்கள். நான் தாகத்தைப் பற்றிச் சொல்கிறேன். சிறுநீர் பிரியாதவர் குடிக்கிற தண்ணீர் உடம்பிலேயே தங்கும், நுரையீரலிலும் கோத்துக்கொள்ளும். அதனால் காபி, ரசம் எல்லாம் சேர்த்தே ஒரு நாளைக்கு ஒரு சின்ன பாட்டில்தான். காலமெல்லாம் தண்ணீரில் நின்று பாடுபட்ட மனுஷனிடம் அந்த பாட்டிலை நீட்டும்போது முகத்தைப் பார்க்கமாட்டேன். ஒளித்துக் குடித்தால் கத்துவேன். கத்திவிட்டு அடுப்படியில் போய் அழுவேன்.

தஞ்சாவூரில் வேலை பார்க்கும் எங்கள் மகள் ஒரு ஆந்தூரியம் தொட்டியை வாங்கி வந்து அவர் கட்டிலை ஒட்டிய ஜன்னலில் வைத்தாள். மெழுகு பூசினாற்போல் சிவப்புப் பூ. இது பூவா பிளாஸ்டிக்கா என்று கேலி செய்தவர், மறுநாளே தண்ணீர் ஊற்றும் வேலையைத் தனதாக்கிக்கொண்டார். சொம்பு சொம்பாக ஊற்றினார்.

"நாந்தான் குடிக்கக் கூடாது. அதாச்சும் வயிறாரக் குடிக்கட்டும்."



அந்தச் சமயத்தில்தான் டயாலிசிஸ் போதும் என்று அடம்பிடிக்க ஆரம்பித்தார். அதே படுக்கை, அதே ஊசி, போய் வந்தால் அன்று முழுக்க அசதி. ஒரு தடவை போகவே இல்லை. மூச்சு இரைத்துப் படுக்க முடியாமல் தவித்தவரை அள்ளிப்போட்டுக்கொண்டு ஓடினோம். இன்னொரு தடவை விட்டால் ஆள் தேறமாட்டார் என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார். வீட்டுக்கு வந்ததும், இனி வரமாட்டேன் என்றார் இவர். கெஞ்சினேன், திட்டினேன், பேசாமல்கூட இருந்து பார்த்தேன். மசியவில்லை.

செடியும் வாடியது. இலைகள் மஞ்சளித்துத் தொங்கின. தாகம் என்று நினைத்து இன்னும் ஊற்றினார். ஞாயிற்றுக்கிழமை வந்த மகள் தொட்டியைத் தூக்கிப் பார்த்தாள். அடியில் இருந்த ஓட்டைகளில் வயல் களிமண்ணை வைத்துக் கெட்டியாக அடைத்திருந்தது. வரப்பில் நண்டு வளையைக் கண்டால் அடைத்துப் பழகிய கை அது. ஜன்னல் பலகையில் தண்ணீர் கசிந்ததும் சும்மா இருந்திருக்காது.

மகள் சிரிக்கவில்லை. "வடிய வழியில்லாம வேரு அழுவிப்போச்சுப்பா" என்றாள்.

அவரே களிமண்ணை நோண்டி எடுத்தார். தேங்கிய தண்ணீர் வாளியில் கறுப்பாய், நாற்றத்தோடு கொட்டியது. அது நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குனிந்து தன் காலை விரலால் அழுத்திப் பார்த்தார்.

"எனக்குள்ளயும் இப்புடித்தான் நிக்குதா?" என்று என்னிடம் கேட்டார்.

"ஆமாங்க. அது வடியத்தாங்க கூட்டிக்கிட்டுப் போறேன்."

டாக்டர் படம் போட்டு விளக்கியும் ஏறாதது அன்றைக்கு ஏறியது. மறுநாள் ஆட்டோ வருவதற்கு முன்பே சட்டையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மகள் அழுகிய வேர்களை நறுக்கி, தேங்காய் நார் கலந்த மண்ணில் மாற்றி வைத்தாள். ஒரே ஒரு குருத்து தப்பியது. இன்னும் பூக்கவில்லை. மண்ணுக்குள் விரலை விட்டு, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுகிறார்.

நோய் தீரவில்லை, தாகமும் தீரவில்லை. ஆனால் இப்போது ஒளித்துக் குடிப்பதில்லை, வாய்விட்டுச் சொல்கிறார். முன்பெல்லாம் குறுவை, தாளடி என்று நெல் போகத்தை ஒட்டியே எங்கள் வருஷம் ஓடும். இப்போது ஒரு டயாலிசிஸுக்கும் அடுத்ததற்கும் நடுவில்தான் சமையல், சண்டை, சிரிப்பு எல்லாம்.

நேற்று மத்தியானம் என்னைக் கூப்பிட்டார். "தண்ணி தவிக்குது. குடுக்காத. கையப் புடிச்சுக்கிட்டு இரு."

இடது கையைப் பிடித்துக்கொண்டேன். அங்கேதான் ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக இரண்டு ரத்தக் குழாய்களை இணைத்த இடம்) இருக்கிறது. மோட்டார் ஓடும்போது குழாயில் கை வைத்தாற்போல் தோலுக்கடியில் அதிர்ந்தது. இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியும் அவர் ரத்தம் ஓடுவதை நான் இப்படித் தொட்டுப் பார்த்ததில்லை. தாகத்தோடேயே தூங்கிப்போனார். நான் கையை எடுக்கவில்லை.