அண்ணன் ஒட்டிய வில்

அண்ணன் நம்மை விட்டுப் போய் ஒரு வருடம் ஆகிறது. இன்று காலை அவருடைய ஆன்ம இளைப்பாற்றிக்கான பூசைக்கு வந்த உங்கள் கையில் இந்தச் சிறு நினைவு மலரைக் கொடுக்கிறோம். அவருடைய நற்குணங்களை எழுதும்படி என்னிடம் சொன்னார்கள். முதல் குணம், அண்ணன் எதையும் மறக்கமாட்டார். அவர் தங்கை நானும் அப்படித்தான்.

அண்ணன் பிறந்தது கெப்பாலா பத்தாஸ் பக்கத்துத் தோட்டம் ஒன்றில். அவருக்குப் பதினான்கு வயதில் அப்பா காய்ச்சலில் இறந்தார். அம்மாவையும் என்னையும் படகேற்றி பினாங்குப் பட்டணத்துக்கு அழைத்து வந்து, ஒரு துரையின் குதிரைவண்டிப் பட்டறையில் தச்சு வேலைக்குச் சேர்ந்தார். அம்மாவின் தம்பியான சின்ன மாமாதான் சேர்த்துவிட்டார். அந்த உதவியை அண்ணன் மறந்ததில்லை, மாமாவும் மறக்கவிட்டதில்லை.

துரைக்கு வேட்டைப் பைத்தியம். சீமையிலிருந்து வந்த அவருடைய வில் ஒருநாள் ஒடிந்துபோனது. அதுபோல் ஒன்று செய்து தருகிறவனுக்கு, காலியாக இருந்த மேஸ்திரி வேலை என்றார்.

பட்டறையில் மிஞ்சிக் கிடந்ததெல்லாம் இரண்டு விரல் அகலச் சட்டங்கள். அவ்வளவு ஒடுங்கிய மரத்தை வளைத்தால் வெளிப்பக்கம் பிளந்துவிடும். அண்ணன் இரண்டு சட்டங்களைக் கைப்பிடியில் கோத்து ஒட்டினார். மாட்டுக்கால் நரம்பைக் காயவைத்துத் தட்டி, நார் நாராகப் பிரித்து, மாட்டுத்தோலைக் காய்ச்சி எடுத்த சூடான வச்சிரப் பசையில் தோய்த்து, வில்லின் வெளிப்பக்கம் முழுவதும் படியவைத்தார். ஒரு படை காய்ந்தபின் அடுத்த படை. நம் ஊர் ஈரக்காற்றில் அதற்கு நான்கு மாதம் பிடித்தது. நார் காயக் காயச் சுருங்கி மரத்தைத் தன் பக்கம் இழுத்ததால், நாண் ஏற்றாத வில் தலைகீழாக வளைந்து நின்றது. நாண் ஏற்றும்போது அதை எதிர்ப்பக்கம் திருப்பி வளைக்கவேண்டும். மேலே வண்டிச் சாயம் பூசியிருந்ததால் எது நார், எது மரம் என்று பார்த்தவர்களுக்குத் தெரியாது.

அது இறைச்சி விலக்கும் தபசு காலம். வெள்ளிக்கிழமை எங்கள் அடுப்பில் வச்சிரம் கொதித்த வாடையை மோந்த அக்கம்பக்கத்தார், நாங்கள் சுத்தபோசனத்தை முறித்து மாட்டிறைச்சி சமைப்பதாகப் பங்குச் சாமியாரிடம் சொல்லிவிட்டார்கள். அவர் சின்ன மாமாவை அனுப்பினார். மாமா சட்டியைத் திறந்து பார்த்தார். அப்படியே வில்லையும் பார்த்துவிட்டுப் போனார்.

முடிந்த வில்லை அண்ணன் பட்டறைக்குக் கொண்டுபோன அன்று துரை இல்லை. “எங்கிட்ட குடு மாப்ளே, தொரை வந்ததும் நானே காட்டுறேன்” என்று மாமா வாங்கி வைத்தார். மறுநாள் தாம் செய்ததாகவே காட்டினார். துரை மகிழ்ந்துபோய், நாண் ஏற்றி இழுத்துக் காட்டச் சொன்னார். மாமா வில்லை முன்னும் பின்னும் திருப்பினார். பக்கத்தில் நின்ற அண்ணனிடம் தாழ்ந்த குரலில், “மாப்ளே, இப்படித்தானே?” என்றார்.

“நீங்க செஞ்சதுலா மாமா. உங்களுக்குத் தெரியாததா?” என்றார் அண்ணன்.

மாமா அது வளைந்திருந்த பக்கமே நாணைக் கட்டி இழுத்தார். வில் இரண்டாக ஒடிந்து, ஒரு சிம்பு அவர் கன்னத்தைக் கிழித்தது. அந்தத் தழும்பை நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். குதிரை உதைத்தது என்பார். குதிரை உதைக்கவில்லை.

ஒரு சொல் சொல்லியிருந்தால் நான்கு மாத உழைப்பு பிழைத்திருக்குமே என்று நான் அன்று அழுதேன். அண்ணன் சிரித்தார். “வில்லு போனா இன்னொண்ணு செய்வேன் தங்கச்சி. அந்த மூஞ்சிய இன்னொரு வாட்டி பாக்க முடியுமா?”

ஒடிந்த துண்டுகளைப் பொறுக்கி, சாயத்தைச் சுரண்டி, நார் எந்தப் பக்கம், ஏன் என்று துரைக்கு விளக்கியவர் அண்ணன்தான். அவர் செய்த இரண்டாவது வில்லில் துரை ஆயர் ஈத்தாம் மலைச்சரிவில் காட்டுப்பன்றி அடித்தார். அண்ணன் மேஸ்திரி ஆனார். பதினோரு வருடம் சின்ன மாமா அவருக்குக் கீழே வேலை செய்தார். தினமும் காலையில் அண்ணன் மிகுந்த மரியாதையோடு, “மாமா, வச்சிரம் காய்ச்சுங்க” என்பாராம். அதைக் கேட்ட நாட்களில் எனக்குச் சோறு கூடுதலாக இறங்கும்.

அந்தச் சம்பளத்தில்தான் என்னைக் கன்னியர் மடத்தில் படிக்கவைத்தார், எனக்குக் கலியாணம் செய்தார். கடைசியில் நெஞ்சுநோய் அவரைப் படுக்கவைத்தது. அவஸ்தைப்பூசுதல் கொடுக்க வந்த சாமியார், “எல்லாரையும் மன்னித்தாயா?” என்று கேட்டார். அண்ணன் மன்னித்தேன் என்றார். பக்கத்தில் இருந்த என்னை யாரும் கேட்கவில்லை.

அடக்கத்தன்று, கல்லறைத் தோட்டத்து வாசலில், “அந்த மொத வில்லு நான் செஞ்சதுலா, இவன் பேரைத் தட்டிக்கிட்டான்” என்று சின்ன மாமா நாலுபேரிடம் சொன்னதை நான் காதால் கேட்டேன். ஆகவேதான் இவ்வளவும் அச்சில் ஏறியது.

அண்ணனின் நோயில் கஞ்சி கொண்டுவந்த அக்காமாருக்கும், செபமாலை சொன்னவர்களுக்கும், பெட்டியைத் தோளில் சுமந்த பட்டறைத் தம்பிமாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. சின்ன மாமாவுக்கும் என் மனமார்ந்த நன்றி. அன்று அவர் வில்லை ஒழுங்காக வளைத்திருந்தால், அது அவர் செய்தது என்றுதான் இந்த ஊர் இன்றுவரை நம்பியிருக்கும்.