பாத்ரூம் போய் வந்த ஐந்து நிமிடம்

அப்பா டயாலிசிஸ் வேண்டாம் என்று முடிவெடுத்துவிட்டதை இன்று பஸ்ஸில்தான் தெரிந்துகொண்டேன். என்னிடம் சொல்லவில்லை. உப்பளத்தில் தன்னோடு வேலை செய்த, வழியில் பஸ் ஏறிய ஏழுமலை மாமாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியிலிருந்து மரக்காணம் திரும்பிக்கொண்டிருந்தோம். அவர்களுக்குப் பின் சீட்டில், மகனை மடியில் போட்டுக்கொண்டு கண்ணை மூடியிருந்தேன். நான் தூங்குவதாக அப்பா நினைத்துவிட்டார்.

"வாரத்துல மூணு நாளு மெஷின்ல படுக்கணுமாம். வேணாம், மாத்திரையே போதும்னுட்டேன். டாக்டரம்மாவும் சரின்னுடுச்சு."

"பொண்ணு ஒத்துக்கிச்சா?"

"அது இருந்தா என்னைப் பேச உடுமா? கொயந்தைக்கு ஒன்னுக்கு வந்துதுன்னு வெளிய இட்டுக்கினு போச்சு. அந்த நேரத்துல சொல்லிட்டேன்."

இரண்டு வருடமாக அவருடைய ஃபைலைத் தூக்கிக்கொண்டு அலைகிறேன். கிரியாட்டினின் அளவெல்லாம் எனக்கு மனப்பாடம். ஐந்து நிமிடம் வெளியே போனதற்கு இந்தத் துரோகம். திரும்பி வந்தபோது அந்த டாக்டரம்மாவும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சிரித்தபடி அடுத்த தேதியை எழுதிக் கொடுத்தார்.

"ஏம்ப்பா, என்கிட்ட சொல்லணும்னு தோணலையா?" என்றேன்.

திடுக்கிட்டுத் திரும்பினார். "முழிச்சிக்கினுதான் இருக்கியா?"

பிறகு மெதுவாகச் சொன்னார். "டாக்டரு என்னைக் கேட்டாலும் நீதாம்மா பதில் சொல்ற. நீ என்னை எப்ப கேட்ட?"

பஸ் கூனிமேடு தாண்டும்வரை யோசித்தேன். கேட்டதாக ஞாபகம் இல்லை.

கோபம் மட்டும் இன்னும் போகவில்லை. உங்கள் வீட்டுப் பெரியவர்களோடு போனால் டாக்டரிடம் யார் பேசுவது? உண்மையைச் சொல்லுங்கள். எனக்குத் துணைக்கு இரண்டு பேராவது வேண்டும்.