ஆரோக்கியசாமி கத்திச் சொன்ன இரண்டு வாக்கியங்கள்

பக்கத்து வீட்டு மாடியில் டியூஷன் நடக்கிறது. சாயங்காலம் ஆறு மணிக்குப் படிக்கட்டில் செருப்புகள் குவிந்துவிடும். பதினெட்டு ஜோடி. இன்றைக்குப் பதினேழுதான் இருந்தது. யார் வரவில்லை, காய்ச்சலோ என்னவோ என்று எனக்கு வீண் கவலை. என் வாசலில் கிடப்பது ஒரே ஜோடி. அதை எண்ண நேரமே ஆவதில்லை.

ஜன்னல் வழியாக டீச்சரின் குரல் கேட்டது. குட்டிக் குட்டியாக இரண்டு ஆங்கில வாக்கியங்களைச் சொல்லி, இரண்டையும் ஒன்றாக்கச் சொன்னார். பிள்ளைகள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே நான் இங்கே கூடத்தில் "ஆல்தோ..." என்று சத்தமாக ஆரம்பித்துவிட்டேன். வீட்டில் கேட்க யாரும் இல்லாதது நல்லதாகப் போயிற்று.

அந்தக் காலத்தில் இதற்கு நாங்கள் வைத்திருந்த பெயர் 'ஒட்டுறது'. நாங்கள் என்றால் நானும் ஆரோக்கியசாமியும். இருவரும் பூதலூர்க்காரர்கள், எஸ்.எஸ்.எல்.சி.யில் இங்கிலீஷில் மட்டும் கோட்டைவிட்டவர்கள். அவன் இருபத்தொன்பது மார்க், நான் முப்பத்துமூன்று. அந்த நாலு மார்க் திமிரில் அவனிடம் கொஞ்சம் வாத்தியார் மாதிரிதான் பேசுவேன். தினமும் காலை பாசஞ்சரில் தஞ்சாவூர் டுடோரியலுக்குப் போவோம். பெட்டி முழுக்கப் பால் கேனும் காய்கறிச் சாக்குமாக இருக்கும். இன்றும் ஈரச் சாக்கு வாசம் வந்தால் எனக்கு இலக்கணம் ஞாபகம் வருகிறது. யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள்.

"மாஸ்டர் எட்டு இட்லி சாப்புடுறாரு. மாஸ்டர் ஒல்லியா இருக்காரு. ஒட்டுடா!" என்பான்.

"ஆல்தோ மாஸ்டர் ஈட்ஸ் எய்ட் இட்லீஸ், ஹி இஸ் தின்."

"எட்டு இல்லடா, பத்து. அவரு வீட்டம்மாவக் கேளு."

எதிரே இருக்கும் பால்காரர், "ஏன் தம்பிகளா, இதுக்கா டிக்கெட் எடுத்துப் போறீங்க?" என்பார்.

எங்களுக்கு ஒரு திட்டம் இருந்தது. இருவரும் பாஸ் பண்ணி, கிளார்க் பரீட்சை எழுதி, தஞ்சாவூரில் ஒரே அறையில் தங்க வேண்டும். ஆனால் அவன் அப்பா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: "இந்தத் தடவையும் போச்சுன்னா, பட்டுக்கோட்டை மாமா கொப்பரைக் கடையில போய் ஒக்காரு."

அக்டோபரில் பரீட்சை. நடவு முடிந்த சமயம். வாய்க்காலில் முறை வைத்துத்தான் தண்ணீர் விடுவார்கள். நம் முறை வந்தால் நம் ஆள் மதகடியிலேயே நிற்க வேண்டும். இல்லாவிட்டால் மேல்வயல்காரர் அடைத்துவிடுவார். அடுத்த முறை வருவதற்குள் நட்ட பயிர் காய்ந்துபோகும்.

பரீட்சையன்று காலை ரயிலில் துண்டு போட்டு அவனுக்கு இடம் பிடித்து வைத்திருந்தேன். அவன் வரவில்லை. வண்டி கிளம்பிவிட்டது. ஸ்டேஷனைத் தாண்டியதும் தண்டவாளத்தை ஒட்டி அவர்கள் வயல். முழங்கால் தண்ணீரில், மண்வெட்டியோடு அவன் நின்றுகொண்டிருந்தான். இரண்டு நாள் கழித்து வரவேண்டிய முறை விடியற்காலையிலேயே வந்துவிட்டதும், அவன் அப்பா காய்ச்சலில் படுத்திருந்ததும் எனக்குச் சாயங்காலம்தான் தெரிந்தது.

"டேய், பரீட்சைடா!" என்று ஜன்னலில் தலையை நீட்டிக் கத்தினேன்.

வாயருகே கையைக் குவித்து அவனும் கத்தினான்: "தண்ணி வந்துடுச்சு! நான் வரல!" பிறகு சிரித்துக்கொண்டே, "ஒட்டுடா!"

"பிகாஸ்..." என்று ஆரம்பித்தேன். அதற்குள் வண்டி வேகம் பிடித்துவிட்டது.

நான் பாஸானேன். அவன் கொப்பரைக் கடைக்குப் போனான். "மார்ச்சுல எழுதிக்கிறேன்டா" என்றான், எழுதவில்லை. தஞ்சாவூரில் நான் எடுத்த அறையில் அவனுக்கென்று வாங்கிய பாயில் என் துணிமூட்டை கிடந்தது. அப்புறம் எங்கள் சந்திப்பெல்லாம் கல்யாணங்களில்தான், மொத்தம் பதினொன்று. போன தை மாதம் அவன் மகன் போன் பண்ணினான். "அப்பா போயிட்டாங்க, சித்தப்பா."

ரயிலில் போகும்போது அந்த இடத்தை இப்போதும் பார்ப்பேன். வயல் முழுக்க மனைக்கற்கள். மதகு இருந்த இடத்தில் ஒரு பெயர்ப்பலகை நிற்கிறது. தண்ணீர் அங்கே வருவதில்லை.

மாடியில் டியூஷன் முடிந்து, பதினேழு ஜோடிச் செருப்பும் இறங்கிப் போய்விட்டன. அவன் சொன்ன இரண்டு வாக்கியங்களும் என்னிடம் தனித்தனியாகத்தான் இருக்கின்றன. ஒட்டுடா என்று சொல்ல ஆள் இல்லை.