மூன்றாம் இடத்துப் பரிஷா

பரிஷாவுக்கு நீச்சல் தெரியாது. இதொன்றும் உலக மகா குற்றமில்லை, கோடிக்கணக்கான பேருக்குத் தெரியாதுதான். ஆனால் அந்தக் கோடிப் பேரில் வேறு யாரும் டால்மேஷியக் கரையில், சுஹா லூகா என்கிற துறைமுக ஊரில், பெண் பிள்ளைகளின் வாட்டர் போலோ அணிக்குக் கோச்சாக இல்லை.

மனிதர் பிறந்தது மலைக்கு அந்தப் பக்கம். அங்கே தண்ணீர் என்றால் கிணற்றில் இருப்பது. வாலிபத்தில் ஹேண்ட்பால் ஆடிப் பேர் வாங்கியவர், நேதாவைக் கட்டிக்கொண்டு கடற்கரைக்கு வந்து சேர்ந்தார். நேதாவின் அண்ணன் விட்ஸ்கோவுக்குப் படித்துறையை ஒட்டி ஒரு காப்பிக் கடை. ஊர் விளையாட்டுக் கழகத்துக்கும் அவர்தான் செயலாளர். பழைய கோச் பிழைப்பு தேடி ஜெர்மனிக்குப் போனதும் விட்ஸ்கோவின் கண் இவர்மேல் விழுந்தது.

"மாப்ள, ஹேண்ட்பாலும் இதுவும் ஒண்ணுதான். அங்கயும் ஏழு பேரு, இங்கயும் ஏழு பேரு. தரைக்குப் பதிலா தண்ணி, அவ்ளோதான்."

அந்த 'அவ்ளோதான்' ஆளை முழுங்கும் ஆழம் என்று பரிஷாவுக்குத் தெரியும். ஆனால் மலைக்காரன் என்று ஏற்கெனவே ஊர் கிண்டலடித்துக்கொண்டிருந்தது. இதையும் சொன்னால் பேரன் பேத்தி காலம் வரை விடமாட்டார்கள். அதனால் சரியென்று தலையாட்டி வைத்தார். நீந்தத் தெரியுமா என்று யாரும் கேட்கவும் இல்லை. நடக்கத் தெரியுமா என்று யாராவது யாரையாவது கேட்பார்களா?

அதன்பின் அவர் பட்ட பாடு இருக்கிறதே! காதில் ஓட்டை, தண்ணீர் படக்கூடாதென்று டாக்டர் சொல்லிவிட்டார் என ஒரு கதை கட்டினார். பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு, படித்துறைக் கல்லில் உட்கார்ந்தபடியே, கடலில் ஆடுகிற பிள்ளைகளுக்கு விசிலடித்துப் பயிற்சி கொடுத்தார். உண்மை தெரிந்தவள் நேதா ஒருத்திதான்.

"குளியல் தொட்டியில தண்ணி நெரப்பி வச்சிருக்கேன், எறங்கிப் பழகுறியா? நான் ஓரமா நின்னு பாத்துக்கறேன்" என்பாள். தட்டில் வறுத்த மத்தி மீனை வைக்கும்போது, "இதுக்குத் தெரிஞ்சது உனக்குத் தெரியலியேய்யா" என்று ஒரு இடி.

ஆனால் ஆட்டம் மட்டும் மனிதருக்கு அத்துப்படி. எதிராளி பந்தை எங்கே போடப்போகிறாள் என்று கரையிலிருந்தே கண்டுபிடித்துவிடுவார். அவர் கைக்கு வந்த பிறகு அணி வருஷா வருஷம் கோடைப் போட்டியின் அரையிறுதிவரை வந்தது. வந்து, தோற்றது. பிறகு மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் ஜம்மென்று ஜெயித்தது. ஊரில் பட்டப்பெயர் வைக்கக் கேட்கவா வேண்டும்? மூன்றாம் இடத்துப் பரிஷா ஆகிவிட்டார்.

அரையிறுதியில் அப்படி என்னதான் நடந்தது? ஆட்டம் கையில் இருக்கும். கடைசி நிமிஷங்களில் கேப்டன் தோங்காவை வெளியே கூப்பிட்டு, பந்தைக் கண்டாலே கண்ணை மூடிக்கொள்ளும் பிள்ளை எவளையாவது உள்ளே அனுப்புவார். "எல்லாருக்கும் ஒரு வாய்ப்புக் குடுக்கணும்ல?" என்பார். பள்ளித் தலைமையாசிரியை இதைக் கேட்டு உருகிப்போனார். விளையாட்டு பிள்ளைகளுக்குத் தோல்வியைத் தாங்கும் மனசைக் கொடுக்க வேண்டும், பரிஷாவைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று ஆண்டு விழாவில் பேசவே பேசிவிட்டார்.

தலைமையாசிரியைக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. கோப்பை ஜெயித்தால் பிள்ளைகள் கோச்சைக் குண்டுக்கட்டாகத் தூக்கி, உடுத்திய துணியோடு கடலில் எறிவார்கள். அந்தக் கரை முழுக்க அதுதான் வழக்கம். மூன்றாம் இடத்துக்கு யாரும் யாரையும் எறிவதில்லை.

வேண்டுமென்றே தோற்கடித்தாரா என்றால், சத்தியமாக இல்லை என்பார். அவர் மனசில் வாய்ப்புக் கொடுக்கும் நினைப்பு மட்டும்தான் இருந்ததாம். அந்த நினைப்பு ஏன் இறுதிப் போட்டிக்கு ஒரு படி முன்னால் மட்டும் வருகிறது என்று அவர் தன்னையே கேட்டுக்கொண்டதில்லை.

இந்த வருஷ அரையிறுதியிலும் வழக்கம்போல விசிலடித்துத் தோங்காவைக் கூப்பிட்டார். அவள் திரும்பவே இல்லை. மறுபடி அடித்தார், கையை ஆட்டினார், கல்லின் மேல் குதித்தார். பதினாறு வயது ராங்கிக்காரி, காதில் தண்ணீர் போனவள்போல நீந்திக்கொண்டே இருந்தாள். சுஹா லூகா ஜெயித்துவிட்டது. ஊரே ஆடியது. பரிஷா மட்டும் ஜுரம் வந்தவர்போலக் கல்லில் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் பயிற்சி முடிந்து மற்றவர்கள் கிளம்பியதும், தோங்காவும் கோல் காக்கும் ரீனாவும் அவரெதிரே வந்து நின்றார்கள்.

"மாஸ்டர், கோவிச்சுக்காதீங்க. உங்களுக்கு நீச்சல் தெரியாது. அது எங்க எல்லாருக்கும் தெரியும்" என்றாள் தோங்கா.

"யாருடீ சொன்னா?"

"யாரும் சொல்லல. கை எட்டுற தூரத்துல கெடக்குற பந்த எடுக்க மூணு பேரக் கூப்புடுவீங்க. ஒரு அலை அடிச்சா போதும், கல்ல விட்டு எந்திரிச்சு ஓடுவீங்க."

"அலையப் பாத்து சிலுவை வேற போட்டுக்குவாரு" என்றாள் ரீனா.

பரிஷாவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

"நாங்க உங்களத் தள்ளிவிட மாட்டோம் மாஸ்டர்" என்றாள் தோங்கா. "எல்லாரும் பேசி வச்சுட்டோம். மாதா சத்தியம். நீங்களும் ஒண்ணு பண்ணணும். என்னக் கடைசிவரைக்கும் வெளிய எடுக்காதீங்க. எங்களுக்குக் கோப்பை வேணும்."

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. கெஞ்சுகிற மாதிரி சொன்னாள். அதுதான் அவரை அறுத்தது. அத்தனை வருஷமும் தன் பயத்துக்குத் தீனியாக இந்தப் பிள்ளைகளின் உழைப்பைப் போட்டிருக்கிறோம் என்று அன்றுதான் அவருக்கு உறைத்தது. ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. நேதாகூடக் கிண்டல் பண்ணவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இறுதிப் போட்டி எதிர்த் தீவுக்காரர்களோடு, சொந்தப் படித்துறையில். பரிஷா அன்று வேறு ஆளாக இருந்தார். தொண்டை கிழியக் கத்தினார், ஒவ்வொரு தாக்குதலையும் முன்கூட்டியே கணித்துச் சொன்னார், தோங்காவை வெளியே எடுக்கவே இல்லை. கடைசி நிமிஷத்தில் அவள் அடித்த பந்து வலைக்குள் போனது. ஒரே ஒரு கோல் வித்தியாசம். கோப்பை சுஹா லூகாவுக்கு!

பிள்ளைகள் கரையேறி அவரைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அவரும் அழுதார். அதற்குள் கூட்டம் கத்த ஆரம்பித்துவிட்டது: "தண்ணிக்குள்ள! தண்ணிக்குள்ள!"

பிள்ளைகள் அவரைச் சுற்றிக் கைகோத்து வேலி போட்டார்கள்.

"மாஸ்டருக்குக் காது சரியில்ல!" என்று கத்தினாள் தோங்கா.

"பஞ்சு தர்றேன் மாப்ள, அடைச்சுக்க!" விட்ஸ்கோ கடைக்குள்ளிருந்து நிஜமாகவே பஞ்சுச் சுருளோடு ஓடிவந்தார்.

பிள்ளைகள் அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் சிரிப்பு மாறிச் சலசலப்பு வந்தது. கோச்சை எறியாமல் விடுவதென்றால் அந்த ஊரில் ஒரே அர்த்தம்தான்: இந்த ஆளை எங்களுக்குப் பிடிக்காது. தீவுக்காரர்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். தோங்காவின் அப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து எல்லோர் முன்னிலையிலும் சத்தம் போட்டார்: "நன்றி கெட்டவளே! ராப்பகலா உங்களுக்காகக் கத்துன மனுஷன இப்படித்தான் அவமானப்படுத்துவியா? நான் உன்ன இப்படியா வளத்தேன்?"

தோங்கா ஒரே ஒரு வார்த்தை சொன்னால் தப்பித்திருக்கலாம். சொல்லவில்லை. ரீனா தலையைக் குனிந்துகொண்டு கையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

பரிஷா அந்த இறுகிய கைகளைப் பார்த்தார். தலைமையாசிரியை மேடையில் அளந்ததெல்லாம் அவருக்கு நினைவில்லை, ஆனால் தான் வளர்த்த பிள்ளைகள் தன்னைவிடப் பெரியவர்களாகிவிட்டார்கள் என்பது மட்டும் தெரிந்தது. பெருமையாகவும் இருந்தது, செத்துப்போகலாம் போலவும் இருந்தது.

"புள்ளைங்களத் திட்டாதீங்க!" என்றார். குரல் படித்துறை முழுக்கக் கேட்டது. "எனக்கு நீச்சல் தெரியாது. தெரிஞ்சுதான் என்னக் காப்பாத்துறாங்க."

விட்ஸ்கோ பஞ்சும் கையுமாக வாய் பிளந்து நின்றார். கூட்டம் முதல் சிரிப்பைச் சிரிப்பதற்குள் பரிஷா பிள்ளைகளின் வேலியைத் தாண்டி, கண்ணை மூடிக்கொண்டு, சட்டை பேன்ட் ஷூவோடு கடலில் குதித்தார்.

குதித்தார் என்பது மரியாதைக்காகச் சொல்வது. மூட்டை விழுந்ததுபோல விழுந்தார். மூக்கு வாய் எல்லாம் உப்புத் தண்ணீர். செத்தோம் என்று நினைத்த நேரத்தில் இரண்டு பக்கமும் கக்கத்தில் கைகள் நுழைந்தன, ஒரு உள்ளங்கை தாடையைத் தாங்கிப் பிடித்தது. அணி மொத்தமும் தண்ணீரில் இருந்தது.

"ஒடம்ப விறைக்காதீங்க மாஸ்டர், என் கழுத்த விடுங்க, மூச்சு முட்டுது" என்றாள் ரீனா.

இருமி, துப்பி, கண்ணைத் திறந்தார். மேலே கரை முழுக்கத் தலைகள்.

"எல்லாரும் சிரிக்கிறாங்களா?"

"விழுந்து விழுந்து சிரிக்கிறாங்க" என்றாள் தோங்கா. "உங்க வீட்டம்மாதான் எல்லாரையும்விட சத்தமா."

"அப்ப இப்போதைக்கு மேல ஏற வேண்டாம்" என்றார் பரிஷா. "கால எப்புடி அடிக்கணும்? அத மொதல்ல சொல்லு."