குதிரையில் ஆளில்லாத படம்

கனகசபை அண்ணை காலமாகிவிட்டார் என்று அவருடைய மகள் தொலைபேசியில் சொன்னபோது, “கடைசியா ஆரோடை வாதாடினவர்?” என்றுதான் என் வாயில் வந்தது. அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள். “நேர்ஸோடை, அங்கிள். சுவரிலை கொழுவின படம் சரிவாம்.” அண்ணையை அறிந்த உங்களுக்கு இது வியப்பாயிராது.

போர்க்காலத்தில் வெள்ளவத்தையில் நாங்கள் ஒரே அறையில் இருந்தோம். புத்தரின் கதைகளைச் சொல்லும் பழங்காலக் கற்சிற்பங்களின் புகைப்படங்களைப் பார்த்து, ஒரு பேராசிரியரின் நூலுக்குக் கோட்டுப்படம் வரைவது அவர் வேலை. சிற்பியின் உளி எங்காவது விலகியிருந்தால் இவரும் விலக்கித்தான் வரைவார். “பிழையெண்டாலும் அது அவன்ரை பிழை. திருத்த நான் ஆர்?” என்பார்.

ஒரு சுற்றிவளைப்பில் எங்கள் இருவரையும் அண்ணை வரைந்த படங்களின் சுருளோடு பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். நாலு மணிக்குத் தடுப்பு முகாமுக்கு பஸ் புறப்படும் என்றார்கள். இன்ஸ்பெக்டர் ஒரு படத்தை விரித்தார். சேணம் பூட்டிய குதிரை. அதன்மேல் யாருமில்லை. பக்கத்தில் ஒருவன் அந்த வெறுமைக்குக் குடை பிடிக்கிறான்.

“மினிஹா கோ?” ஆள் எங்கே என்று சிங்களத்தில் அதட்டினார். எங்கேயோ ஒளித்துவிட்டோம் என்ற சந்தேகம் அவருக்கு.

அண்ணையும் சிங்களத்திலேயே விளக்கினார். “ஆள் இருக்கிறார், சேர். சித்தார்த்தர் அரண்மனையை விட்டுப் போறார். அந்தக் காலத்துச் சிற்பிகள் அவரை உருவமாய்ச் செதுக்கிறேல்லை.”

“எங்கட பன்சலைக் கோயில் சுவரில குதிரைக்கு மேலதான் இருக்கிறார். ஆளைக் கீறு. ரெண்டு பேரும் போகலாம்.”

மணி மூன்றரை. நான் அண்ணையின் தொடையைக் கிள்ளினேன். “ஒரு தலை, ரெண்டு கை. கீறிவிடுங்கோ அண்ணை!”

“கல்லிலை இல்லாததை நான் கீறமாட்டன்.”

எனக்கு வந்த கோபத்துக்கு நானே அவரை பஸ்ஸில் ஏற்றியிருப்பேன்.

கடைசியில் இன்ஸ்பெக்டரே பென்சிலை எடுத்தார். தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு, மெத்தப் பணிவோடு வரைந்தார். இளவரசரின் இரண்டு கால்களும் ஒரே பக்கத்தில் தொங்கின. தேடிய ஆள் அகப்பட்ட திருப்தியில் எங்களைப் போகச் சொன்னார். நான் வாசலைத் தாண்டிவிட்டேன். உள்ளே அண்ணையின் குரல் கேட்டது: “சேர், கடிவாளம் பிடிக்க மறந்துபோனியள்.” அதையும் வரைவித்துவிட்டுத்தான் வெளியே வந்தார்.

நூலுக்கு வேறொரு படம் வரைந்து கொடுத்தார். இதை அழிக்கவில்லை. “அந்த மனுசன் கும்பிட்டுக்கொண்டு கீறினது” என்று என்னிடம் தந்துவிட்டார். அவர் நினைவாக என்னிடம் இருப்பது இதுதான். என் உயிருக்காகக்கூட ஒரு கோடு போட மறுத்த மனிதரை நான் இன்னும் முழுதாக மன்னிக்கவில்லை. அந்தக் கோட்டை அவர் போட்டிருந்தால், இன்று இவ்வளவு அழவும் மாட்டேன்.